முன்னால பாஸைக் கண்டுகொள்ளாத கார்

மாத்தளையிலிருந்து தம்புள்ளை வரைக்கும் ஓடுகிற அத்தனை வாகனமும் ஒரே ஓர் ஆளுக்குத்தான் பயப்படும். அவர் பொலிஸ்காரர் இல்லை. பலாபத்வலையில் ஒரு தகரக் கொட்டிலில் கார்களுக்குக் கரண்டு வேலை பார்த்தவர். எங்கள் பக்கம் கைவேலை தெரிந்த ஆம்பிளை எல்லாரும் பாஸ்தான். மேசன் பாஸ், தச்சு பாஸ் என்கிற மாதிரி இவரை முன்னால பாஸ் என்பார்கள். மற்ற பாஸ்மார் காருக்கு அடியில் படுப்பார்கள், இல்லாவிட்டால் உள்ளே உட்காருவார்கள். இவர் காருக்கு முன்னால் போய் நிற்பார். கையைக் கட்டிக்கொண்டு, பெண் பார்க்க வந்த வீட்டில் பெரிய மனிதர் பார்ப்பதுபோல் மேலிருந்து கீழே ஒரு பார்வை பார்ப்பார். பிறகு உனக்கு என்ன வருத்தம் என்று காரிடமே சிங்களத்தில் விசாரிப்பார்.

ஏன் சிங்களம் என்று யாரோ கேட்டார்களாம். "ஜப்பான்ல இருந்து கப்பல்ல வந்து எறங்குனதும் ஹாபர்ல அது மொதல்ல கேட்ட பாஷை அதுதானே" என்றாராம்.

இதில் பெரிய வேடிக்கை, அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. லைசன்ஸும் கிடையாது. ஓட்டத் தெரிந்தவன் ஓட்டுகிறவன் பக்கம்தான் பேசுவான், நான் நடக்கிறவர்கள் கட்சி என்பார். எங்கே போனாலும் நடைதான். அதிலும் ஓரமாக நடக்கமாட்டார். ஒரு நாள் பலாபத்வலைச் சந்தியில் ஆட்கள் கடக்கிற மஞ்சள் கோட்டில் அவர் இறங்கியபோது யாழ்ப்பாணத்துக்குப் போகிற பஸ் ஒன்று கிறீச்சென்று வந்து நின்றது. டிரைவர் தலையை வெளியே நீட்டி அவருடைய அப்பா, தாத்தா என்று வரிசையாக விசாரித்தார். இவர் அசையவில்லை. குனிந்து இடது பக்கச் சக்கரத்தை மோந்து பார்த்தார். இந்தப் பக்கம் பிரேக் பிந்திப் பிடிக்கிறது, தம்புள்ளையில் காட்டிவிட்டுப் போங்கள் என்றார். டிரைவர் மிச்சமிருந்த சொந்தக்காரர்களையும் விசாரித்துவிட்டுப் போனார். அந்தப் பஸ் திரும்பி வரும்போது, ஆட்களோடு நேராகக் கொட்டில் வாசலில் வந்து நின்றதாம்.

காருக்கு முன்னால் நிற்கிற யாரையும் அவர் பெயர் சொல்லிக் கூப்பிடமாட்டார். எல்லாரும் அவருக்குப் பாதசாரி. முதலாளி என்றாலும் பாதசாரி, குருக்கள் என்றாலும் பாதசாரி.

இவரைப் பற்றி எழுத எனக்கு என்ன இருக்கிறது என்று கேட்டால், நானும் அவருக்குப் பாதசாரியாக இருந்திருக்கிறேன். நான் எல்கடுவப் பக்கம் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில், இருக்கிறவள். ஐந்தாம் வகுப்போடு கொழுந்து எடுக்கப் போய், அதிலேயே தலை நரைத்தவள். தெரியாத ஆம்பிளை வந்தால் கதவுக்குப் பின்னால் நின்று பேசுகிற பழக்கம் இந்த வயதிலும் போகவில்லை.

எனக்கு ஒரே மகன், சுரேஷ். கட்டாருக்கு வேலைக்குப் போகிறேன் என்று நின்றவனை நானும் மருமகளும் தடுத்து, பழைய ஜப்பான் கார் ஒன்றை லீசிங்கில் எடுக்க வைத்தோம். தோட்டத்திலிருந்து மாத்தளைக்கு ஆட்களை ஏற்றி ஹயர் ஓடினான். அந்தக் காருக்கு ஒரு விசேஷம். முன் கண்ணாடியில், நடுக் கண்ணாடிக்குப் பின்னால், சின்னதாக ஒரு கெமரா இருக்கிறது. ரோட்டில் ஆள் குறுக்கே வந்தால் அது பார்த்துக் கத்தும். டிரைவர் கவனிக்காவிட்டால் காரே பிரேக் பிடித்து நின்றுவிடும். நடக்கிறவர்களுக்காக யோசித்துச் செய்திருக்கிறார்களே என்று எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கொஞ்ச நாளில் அதற்குப் பைத்தியம் பிடித்தது. ரோடு வளைகிற முனியாண்டி கோயில் முடக்குக்கு வந்தால் யாருமே இல்லாத ரோட்டில் கத்திக்கொண்டு சடாரென்று நிற்கும். எல்லா நாளும் நிற்காது. நிற்கிற நாளில் உள்ளே இருக்கிறவர்கள் பாடு அதோகதி. ஓய்வுபெற்ற தலைமை ஆசிரியர் ஒருவர் முன் சீட்டில் மூக்கை இடித்துக்கொண்டு, அந்த மூக்கோடு தோட்டம் முழுக்க நடந்து காட்டினார்.

லயத்தில் சொன்னார்கள், கார் முனியைப் பார்க்கிறது, அதனால்தான் நிற்கிறது என்று. ஒரு சேவல் கொடுத்தோம். மறுநாளும் நின்றது. சேவல் சின்னது என்றார்கள். டவுனில் ஒரு கராஜில் அந்தச் சிஸ்டத்தை ஓஃப் பண்ணிவிட்டு ஓடு என்றார்கள். ஓஃப் பண்ணினால், அடுத்த முறை ஸ்டார்ட் பண்ணும்போது அது தானாக ஓன் ஆகிவிடும். சுரேஷ் மறந்துபோகிற நாளாகப் பார்த்து முடக்கில் நிற்கும். ஹயருக்குக் கூப்பிடுகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு நாள் சோற்றைப் பிசைந்துகொண்டே, காரைக் கொடுத்துவிட்டுக் கட்டாருக்கே போகிறேன், ஏஜென்சியில் பேசிவிட்டேன் என்றான். மருமகள் அடுப்படிக்கு எழுந்து போனாள். நான் என் சோற்றை எடுத்துப் போய் மாட்டுக்கு வைத்தேன்.

விற்பதற்கு முன்னால் ஒரு தடவை காட்டிப் பார்ப்போம் என்று முன்னால பாஸுக்குச் சொல்லி அனுப்பினான். கார் கொண்டுவந்து கூட்டிப் போகிறேன் என்றதற்கு, அந்தக் காரில் ஏறி வந்தால் அதன் முகத்தை எப்படிப் பார்ப்பது என்று கேட்டாராம். பஸ்ஸில் வந்து இறங்கி, மேட்டு ரோட்டில் நடந்தே வந்தார். கட்டையான ஆள். தோளில் ஒரு பெரிய பை. சட்டைப் பையில் டெஸ்டர், சீப்பு, வெற்றிலைச் சுருள். நான் கதவுக்குப் பின்னால் இருந்து பார்த்தேன்.

சுரேஷ் அலுத்துப்போய் இருந்தான். "பாஸ், அந்தச் சிஸ்டத்த ஒரேயடியா கழட்டிக் குடுங்க. நான் வித்துட்டுப் போறேன்."

"கழட்டலாம் தம்பி. பொறவு பனியில கொழுந்து மூட்டையோட வர்ற பொம்பளைங்கள யாரு பாப்பா? வாங்குறவனா, நீங்க கட்டார்ல இருந்தா?"

சுரேஷ் சாவியை எடுத்தான்.

முடக்குக்குக் காரைக் கொண்டுபோனார்கள். நானும் மருமகளும் பின்னால் போய் ஓரமாக நின்றோம். பாஸ் பையைத் திறந்தார். டெஸ்டரும் வயரும் வரும் என்று பார்த்தால் குடை வந்தது, மழைக்கோட்டு வந்தது, பழைய சேலை ஒன்று வந்தது, பள்ளிக்கூடப் பை ஒன்றும் வந்தது. காரின் கோளாறு பார்க்கிற ஸ்கேனர் எல்லாவற்றுக்கும் அடியில் கிடந்தது. சுரேஷ் காலைப் பிரேக்கில் வைத்தபடி மெல்ல ஓட்டிவர வேண்டும், இவர் ரோட்டைக் கடப்பார். முதலில் குடை பிடித்த கிளார்க் மாதிரி கடந்தார். பிறகு பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி குதித்துக்கொண்டு கடந்தார். சம்பளத்தன்று கள்ளுத் தவறணையிலிருந்து வருகிறவன் மாதிரி கடந்ததும் கூட்டம் சேர்ந்துவிட்டது. சேலையைச் சுற்றிக்கொண்டு இடுப்பை ஆட்டி நடந்தபோது, காமன் கூத்துக்கு அப்புறம் இவ்வளவு கூட்டம் இப்போதுதான் என்றார்கள். இந்த ரதி எங்கள் லயத்துக் கூத்தில் வருகிற ரதியைவிட நல்லாயிருக்கிறாள் என்று ஒரு கிழவர் சத்தம் போட்டார்.

கார் எதற்கும் கத்தவில்லை. ஒவ்வொரு தடவையும் சுரேஷ்தான் காலால் நிறுத்தினான்.

பாஸ் சேலையோடு காருக்கு முன்னால் நின்று கையைக் கட்டிக்கொண்டார். முகம் சுண்டிப்போய்விட்டது. இது நின்ற நாட்களில் இங்கே யார் நடமாடினார்கள் என்று கேட்டார். யாருமே இல்லை என்றான் சுரேஷ். மனிசவாடையே இல்லையா என்று திரும்பக் கேட்டார்.

மருமகள் யோசித்துச் சொன்னாள். "ரோட்டுல ஆள் இல்லங்க. மாமிதான் மாட்டுக்குப் பில்லறுத்துக்கிட்டு மேல நின்னாங்க."

முடக்குக்கு மேலே மண் திட்டு ஒன்று இருக்கிறது. தினமும் நான் புல்லுக்குப் போகிற இடம். எல்லாரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பெல்லாம் கூசிப் போய்விட்டது.

பாஸ் என் பக்கம் வந்தார். கொஞ்சம் தள்ளியே நின்றார். "பாதசாரி அம்மா, மேல போய் ஒரு தரம் நடக்குறீங்களா?"

அவ்வளவு பேருக்கு முன்னால் எப்படி நடப்பது? ஏலாது என்று தலையை ஆட்டப் பார்த்தேன். காருக்குள் சுரேஷ் ஸ்டியரிங்கில் நெற்றியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நாளை மறுநாள் ஏஜென்சிக்குப் போக வேண்டும் என்றிருந்தான். முந்தானையை இழுத்துத் தலைக்குப் போட்டுக்கொண்டு திட்டில் ஏறினேன்.

நான் மேலே நடந்தேன். பாஸ் கீழே ரோட்டில் நடந்தார். கார் வந்தது. அவரைச் சட்டை செய்யாமல் வந்து, திடீரென்று கத்தி, சடாரென்று நின்றது. சுரேஷ் இரண்டு காலையும் தூக்கிக் காட்டினான். அவன் பிரேக்கைத் தொடவே இல்லை.

நான் திட்டை விட்டு விலகி நின்றேன். கார் சும்மா வந்தது. மறுபடியும் நடந்தேன். நின்றது.

பாஸ் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அண்ணாந்து என்னைப் பார்த்தார். "இத்தன வருசமா கார் முன்னால நிக்கிறேன். என்னைய ஒரு மனுசனா மதிக்கல. மேல நிக்கிற அம்மாவுக்கு மரியாதை பண்ணுது பாருங்க."

கூட்டம் சிரித்த சிரிப்பில் முனியாண்டியே எழுந்து வந்திருப்பார். நான் முந்தானைக்குள் சிரித்தேன். எவ்வளவோ காலத்துக்குப் பிறகு சிரித்தேன்.

பாஸுக்கு விளங்கிவிட்டது. காரின் கண் மேலே பார்க்கிறது. தலையைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவனைப் போல, காலடியில் இருப்பது தெரியாது, மேட்டில் நிற்பதை ரோட்டில் நிற்பதாக நினைக்கிறது என்றார். நடுக் கண்ணாடிக்குப் பின்னால் இருந்த மூடியைக் கழற்றினார். உள்ளேயிருந்து திருநீற்றுப் பொட்டலம் ஒன்று விழுந்தது. பிறகு இன்னொன்று. பிறகு ஒரு குங்குமப் பொட்டலம். மருமகள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கோயிலுக்குப் போகிற ஒவ்வொரு வெள்ளியும், புருஷன் ஓடுகிற காருக்குக் காவலாக இருக்கட்டும் என்று கெமராவின் இடுக்கில் செருகி வைத்திருக்கிறாள். செருகச் செருக கிளிப் ஒன்று கழன்று, கெமரா வானத்தைப் பார்த்துவிட்டது.

யாராவது திட்டுவார்கள் என்று அவள் அழத் தயாராக நின்றாள். பாஸ் செருப்பைக் கழற்றிவிட்டு, கீழே விழுந்த பொட்டலங்களைப் பொறுக்கி அவள் கையிலேயே கொடுத்தார். "நீங்க வச்சதும் காவல்தான், இதுவும் காவல்தான் பிள்ள. ரெண்டு காவல்காரனும் ஒரே ஸ்டூல்ல உக்கார ஏலாது. இத டாஷ்போட்ல வைங்க."

கிளிப்பை மாட்டினால் மட்டும் போதாதாம். நேராகப் பார்க்க அதைப் பழக்க வேண்டுமாம். அதற்கு ஒழுங்காக வெள்ளைக் கோடு போட்ட ரோடு வேண்டும். எங்கள் தோட்டத்து ரோட்டில் கோடு ஏது, ரோடே அங்கங்கேதான் இருக்கிறது. அதனால் ஏ ஒன்பது ரோட்டுக்குப் போகவேண்டும், நாலந்தா வரைக்கும் ஓட்டவேண்டும், என்னையும் கூட்டிவர வேண்டும் என்றார். அம்மா எதற்கு என்று சுரேஷ் கேட்டான். அதற்குத் தெரிந்த ஒரே பாதசாரி அவர்தானே என்றார் பாஸ்.

மகனின் காரில் நான் அவ்வளவு தூரம் போனது அன்றைக்குத்தான். பாஸ் முன் சீட்டில் ஸ்கேனரை மடியில் வைத்துக்கொண்டு, கோட்டைப் பார், கோட்டைப் பார் என்று காருக்குச் சிங்களத்தில் பாடம் சொல்லிக்கொண்டே வந்தார். பலாபத்வலை தாண்டியதும் அவர் தன் பக்கக் கண்ணாடியை இறக்கினார். ஜன்னல் வழியே காற்று வந்தது. நாலந்தா வந்தபோது ஸ்கேனர் சரி என்றது. ஆளில்லாத ஒரு பக்க ரோட்டில் இறங்கி அவர் முதலில் கடந்தார். கார் கத்தி நின்றது. அவர் காரைப் பார்த்துக் கும்பிட்டார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பயப்பட வேண்டாம், நான் பக்கத்தில் வருகிறேன் என்று சொல்லி, கார் வருகிற பக்கமாக அவர் நடந்தார். கார் தூரத்திலேயே நின்றது.

"உங்கள இப்ப எடம் தெரிஞ்சு பாக்குது" என்றார்.

சுரேஷ் ஏஜென்சிக்குப் போகவில்லை. ஹயர் திரும்பி வந்தது. மூக்கு இடித்த ஆசிரியரும் வந்தார். பாஸ் மூன்று நான்கு தடவை தோட்டத்துப் பக்கம் வந்தார், கார் மறுபடி மேலே பார்க்கிறதா என்று சோதிக்க. வந்தால் கார் முன்னால் கொஞ்ச நேரம் நிற்பார். எங்கள் வாசலில் அதைவிடக் கொஞ்சம் அதிக நேரம் நிற்பார். நான் உள்ளேயிருந்து பால் விடாத பிளேன்டி கொடுத்து அனுப்புவேன். நல்ல சாயம் என்று சத்தமாகச் சொல்லிவிட்டுப் போவார்.

பிறகு அவருடைய முழங்கால் போய்விட்டது. மகள் வந்து வவுனியாவுக்குக் கூட்டிப் போய்விட்டாள். கொட்டில் பூட்டிக் கிடக்கிறது. எனக்கு அது சுரேஷ் சொல்லித்தான் தெரியும், அவர் போய் மழைக்காலமே முடிந்திருந்தது. சொல்லிவிட்டுப் போக அவருக்கு என்ன இருக்கிறது? இருந்தாலும் புல்லறுக்கப் போகும்போது கீழே கார்ச் சத்தம் கேட்டால் கை நின்றுவிடுகிறது.

நேற்று சுரேஷ் வந்து, வவுனியாவுக்கு ஒரு ஹயர் இருக்கிறது, முன் சீட் காலி, வருகிறாயா என்று கேட்டான். எதற்கு என்று நானும் கேட்கவில்லை, அவனும் சொல்லவில்லை. விடியற்காலையிலேயே தலை வாரி, சேலை மாற்றி உட்கார்ந்துவிட்டேன். கார் வரும்வரை கை சும்மா இருக்கவேண்டாம் என்றுதான் இதை எழுதுகிறேன். அங்கே போய் என்ன பேசுவது என்றுதான் தெரியவில்லை. அவருக்கு முன்னால் நான் ஒரு வார்த்தை பேசியதில்லை. நடந்தது மட்டும்தான்.