ரங்கையா தலைக்கு வந்த வேண்டுதல்

செத்தாலும் சரி, பூனைய டாக்டர் கிட்ட தூக்கினு போவ மாட்டேன்னு ரங்கையா சத்தியம் பண்ணான். சும்மா பண்ணல. வேட்டிய மடிச்சுக் கட்டிக்கினு வாசல்ல நின்னு, சத்தியவேடு பூரா கேக்கற மாதிரி பண்ணான்.

பூனைனா எலி புடிக்கற நம்மூரு பூனை இல்ல. பெர்சியா ஜாதி. தட்டை மூஞ்சி, பஞ்சு மூட்டை கணக்கா முடி. அவன் பொண்டாட்டி தாட்சாயணி, பக்கத்துல வெளிநாட்டுக் கம்பெனிங்க கீற ஸ்ரீ சிட்டில ஒரு கொரியாக்கார ஆபீசர் வூட்டுல சமையலுக்குப் போய்க்கினு இருந்தா. அந்தாளு ஊருக்குத் திரும்பறப்ப, "வயசான பூனை, பிளேன்ல தாங்காது, நீங்க வளத்துக்கோங்க"ன்னு குடுத்துட்டான். அவளுக்கு இப்ப அங்கியே ஒரு கேன்டீன்ல வேலை. லீவுன்ற பேச்சே கெடையாது.

ரங்கையாவுக்கு அன்னிக்கே சந்தேகம். "நல்ல சரக்குனா வுட்டுட்டுப் போவானா? ரிப்பேர் வண்டிய நம்ம தலைல கட்டிட்டான்மே."

ரிப்பேர்தான். கொஞ்ச நாள்லயே துன்றத வுட்டுடுச்சு. கிண்ணத்தாண்ட போவும், மோந்து பாக்கும், திரும்பிடும். வாயில எச்சி ஒழுவும். தண்ணி மட்டும் சட்டி சட்டியா குடிக்கும். தடவினா எலும்பு தட்டுது.

"நடிக்குதுமே. மீனுக்கு அடி போடுது."

"சூளூர்பேட்டை மீனே வச்சேன். தொடல."

"அப்ப எறாவுக்கு அடி போடுது."

மறுநாள் பாத்தா, சாமி படத்துல மஞ்சத் துணியில காசு முடிஞ்சு தொங்குது.

"இன்னாமே இது?"

"திருப்பதிக்கு வேண்டிக்கினேன். முடி தரேன்னு."

"யாரு முடி?"

தாட்சாயணி அவன் தலையவே பாத்துக்கினு மொளகா கிள்ளினா.

இங்க ஒண்ணு சொல்லணும். ரங்கையா வம்சத்துல முப்பது தாண்டினா எல்லாருக்கும் வழுக்கை. அவன் அண்ணன் கங்கையா, பொண்ணு பாக்கப் போன எடத்துல தலைல கட்டின துண்ட எடுக்கவே இல்ல. மரியாதை தெரியாத பையன்னு அனுப்பிட்டாங்க. அப்புறம் புத்தூர்ல கமலம்மாவ கட்டினான். அவளுக்குக் கண்ணு மங்கல், அதனால நடந்துது. அத வுடுங்க. அந்தக் குடும்பத்துல அம்பத்தஞ்சு வயசுலயும் சுருட்டை சுருட்டையா முடியோட கீறவன் ரங்கையா ஒருத்தன்தான். நெலம் நீச்சு இல்லாதவனுக்கு அதான் சொத்து.

"என் முடியாமே?"

"வேண்டினத வாய் வுட்டா பலிக்காது."

அவனுக்கு சோறு எறங்கல. பூனை பொழைச்சா முடி போச்சு. போய்ச் சேந்துட்டாலும் மனசு கேக்கல, தெனம் கால ஒரசிக்கினு படுக்கற ஜீவன். யோசிச்சான், யோசிச்சான். பளிச்சுனு ஒண்ணு தோணுச்சு. சாமி காப்பாத்தினாதானே முடி? டாக்டர் காப்பாத்திட்டா? டாக்டருக்கு பீஸோட முடிஞ்சுது. சாமிக்கு பாத்தியதை இல்ல.

தாட்சாயணி வேலைக்குப் போனதும் பூனைய கோழிக் கூடையில வச்சு, துண்டால மூடிக்கினு திருப்பதி பஸ் ஏறினான்.

"கூடைல ஏமுந்தி?"ன்னான் கண்டக்டர்.

"கோழி."

கோழி மியாவ்னுது.

"வெளிநாட்டுக் கோழி"ன்னான் ரங்கையா.

மாட்டாஸ்பத்திரி டாக்டரம்மா வாயத் தொறந்து பாத்தா. "பண்ட்லு அன்னீ புச்சிபோயினாயி"ன்னா. பல்லு பூரா சொத்தை. பசி இருந்தும் கடிக்க முடியாம கெடந்திருக்குது. ரத்தம் எடுத்துப் பாத்து, கிட்னியும் தளந்துடுச்சு, அதான் இவ்ளோ தண்ணின்னா. மயக்க ஊசி போட்டு பல்லப் புடுங்கி, மாத்திரை குடுத்து, இனிமே கொழைய வேவ வச்சுதான் போடணும்னுட்டா.

பத்து நாள்ல பூனை கிண்ணத்த நக்கி அதுல மூஞ்சி பாக்குது. ரங்கையாவுக்கு ஒரே குஷி.

"பாத்தியாமே. டாக்டர் காப்பாத்தினது. சாமி இல்ல. வேண்டுதல் செல்லாது, முடிச்ச அவுத்துடு."

தாட்சாயணி நிதானமா முடிச்ச அவுத்து, காசை உண்டியலுக்குன்னு தனியா எடுத்து வச்சா.

"பூனை பொழைக்கணும்னு நான் எங்கய்யா வேண்டினேன்?"

"பின்ன?"

"நீயா மனசு மாறி அத டாக்டராண்ட தூக்கினு போவணும்னுதான் வேண்டினேன்."

ரங்கையா மூஞ்சி சுண்டிப் போச்சு. "பொய்யி. இப்ப சோடிக்கற."

"சந்தேகம்னா சாமியவே கேளு. எப்படியும் மலைக்குப் போவதான போற?"

"எப்போ?"

"ஞாயித்துக்கெழம. அதுக்குள்ள நல்லதா ஒரு போட்டோ புடிச்சு வச்சுக்கோ."