தொகுதிக்கு வந்த குறிப்பாணை

காரைக்காலில் படகுகளுக்கு உரிமம் வழங்கும் அலுவலகம் ஒன்று விண்டோஸை விட்டு லினக்ஸ் இயங்குதளத்துக்கு மாறியது. மேலாளர் செம்பியன் புதுச்சேரியில் ஒரு கருத்தரங்குக்குப் போய், மதியச் சாப்பாடு வரை இருந்துவிட்டு வந்ததன் விளைவு அது. இனி நாம் ஓப்பன் சோர்ஸ், அதாவது திறந்த மூலம் என்று அவர் அறிவித்தார். அன்று அலுவலக ஜன்னல்கள் எல்லாம் திறந்து வைக்கப்பட்டன.

மீன்பிடித் தடைக்காலம் முடியப்போகிற வாரத்தில் கரண்ட் போனது. கரண்ட் திரும்பி வந்தது, உரிமக் கோப்புகள் இருக்கும் சர்வர் வரவில்லை. கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்துகள் சரசரவென்று ஓடி, பாதியில் நின்றுகொண்டன. கிளிஞ்சல்மேட்டிலிருந்து விசைப்படகின் உரிமத்தைப் புதுப்பிக்க வந்த செல்லக்கண்ணு வெளியே பெஞ்சில் உட்கார்ந்தார். உரிமம் இல்லையென்றால் தடை முடிந்தாலும் அவர் படகு கட்டியே கிடக்க வேண்டியதுதான்.

கணினிகளைக் கவனிக்கும் ஒப்பந்தப் பொறியாளர் தாமரைச்செல்வி கோவில்பத்திலிருந்து ஸ்கூட்டியில் வந்து பார்த்தார். கோப்புகள் இருக்கும் சேமிப்புத் தொகுதி செயல்படாமல் கிடக்கிறது, அதற்காகக் காத்திருந்து காத்திருந்து சர்வர் நின்றுவிட்டது, ஒரு வரி கட்டளை போட்டால் எழுந்துவிடும் என்றார்.

தொகுதி செயல்படவில்லை என்று எங்கும் எழுதிவிடக் கூடாது, எம்.எல்.ஏ. தன்னைச் சொல்வதாக எடுத்துக்கொள்வார் என்று செம்பியன் முதலில் எச்சரித்தார். பிறகு யோசித்தார்.

"செயல்படாம இருக்குன்னா யாரோ நிறுத்தி வச்சிருக்கணும். நிறுத்தின உத்தரவு எங்கம்மா?"

"உத்தரவெல்லாம் இல்ல சார். கரண்ட் போய் வந்தப்ப அது எழுந்திரிக்கல."

"அனுமதி இல்லாம வேலைக்கு வரலன்னு சொல்லுங்க. அப்ப விளக்கம் கேட்கணும்."

மேற்படி தொகுதி தன் கடமையில் தவறியது ஏன் என்று கேட்கும் குறிப்பாணை தட்டச்சாகி, சர்வரின் நெற்றியில் ஒட்டப்பட்டது. கெடு முடிந்தும் தொகுதி பதில் தரவில்லை. இது ஒழுங்கீனத்தின் உச்சம் என்று கருதப்பட்டு, தலைமை எழுத்தர் சிங்காரவேலன் விசாரணை அதிகாரியாக நியமிக்கப்பட்டார். பெஞ்சில் இருந்த செல்லக்கண்ணு அலுவலகத்தின் பரம்பரையையே திட்டிக்கொண்டிருந்தார்.

சர்வரில் நடப்பதையெல்லாம் குறித்துவைக்கும் பதிவு இருக்குமே, அதைக் கொண்டுவரச் சொன்னார் சிங்காரவேலன். அது இல்லை. ஆரம்பத்தில் இருந்தது, தினமும் சிவப்பில் பிழைகளைக் காட்டியது. அலுவலக மெஷினே அலுவலகத்தைப் பற்றிப் புகார் எழுதுவதா என்று செம்பியன் வருந்தியதால், பதிவுகள் டிஸ்க்கில் எழுதப்படாமல் மெமரியில் மட்டும் நிற்கும்படி மாற்றப்பட்டன. கரண்ட் போனால் அவையும் போய்விடும். போய்விட்டன.

ஆதாரம் இல்லாததால் தொகுதி குற்றமற்றது என விடுவிக்கப்பட்டு, மீண்டும் பணியில் சேர அனுமதிக்கப்பட்டது. தாமரைச்செல்வி அந்த ஒரு வரியைத் தட்டினார். சர்வர் எழுந்தது. படகின் பாதுகாப்பைப் பார்வையிட்டாயிற்று என்ற கட்டத்தில் டிக் விழுந்து, செல்லக்கண்ணுவுக்கு உரிமம் கிடைத்தது.

மறுநாள் குறைதீர்க் கூட்டம். இனியாவது பதிவுகளை டிஸ்க்கில் வைக்க வேண்டும் என்று தாமரைச்செல்வி கேட்டுக்கொண்டார். செல்லக்கண்ணு ஆதரிப்பார் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் எழுந்து ஒரு சந்தேகம் கேட்டார்.

"எந்தப் படகை யாரு போய்ப் பார்த்தாங்கன்னு அதுல தெரியுமா தங்கச்சி?"

"தெரியும்ண்ணே. படகைப் பார்க்காமலே, சீட்டுல உட்கார்ந்தபடி டிக் அடிச்சாலும் தெரிஞ்சிடும்."

"அப்ப வேணாம்மா. என் படகுல லைஃப் ஜாக்கெட் ஒண்ணுகூட இல்ல."

டிக் அடித்த சிங்காரவேலன் மின்விசிறியைப் பார்த்தார். செம்பியன் மட்டும் நிதானமாக இருந்தார். வீட்டிலிருந்தே லாகின் செய்து அலுவலக வருகை போடும் நாட்களும் அதில் வருமா என்று பொதுவாகக் கேட்டார். கோவில்பத்து வீட்டிலிருந்தே பல நாள் வருகை போட்டிருந்த தாமரைச்செல்வி தன் கோரிக்கையைத் திரும்பப் பெற்றார். பிறகு, டிஸ்க்கில் பதிவு வைப்பது தொழில்நுட்ப ரீதியாக இந்த அலுவலகத்துக்குப் பொருந்தாது என்றார்.

டிஸ்க்கில் பதிவு வேண்டாம் என்ற தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. தடைக்காலம் முடிந்த விடியற்காலையில், எந்தக் குறையும் பதிவாகாத செல்லக்கண்ணுவின் படகு ஏழு பேரோடு கடலுக்குள் போனது.