ஒரிஜினல் அண்ணனின் அல்சூர் பேண்ட்

அமெரிக்காவில் ஒருவருக்குக் கோபம் வந்தால் பெங்களூரில் ஒருவருக்கு வேலை போகும். நான் குப்பை கொட்டும் ஐ.டி. கம்பெனியைப் பற்றிச் சொல்கிறேன் என்று நினைத்துவிடாதீர்கள். அல்சூரில் பல்செட் செய்யும் ஒரு மனிதரைப் பற்றிச் சொல்கிறேன். இப்படி ஓர் ஏற்பாட்டைத் தனி ஆளாக நடத்திக் காட்டியவர், எனக்குத் தெரிந்து உலகத்திலேயே அவர் ஒருவர்தான்.

ஞானஸ்நானத்தில் வைத்த பெயர் ஏதோ அவருக்கு உண்டு. அது ஆதார் அட்டைக்கு மட்டும் தெரியும். மற்ற எல்லோருக்கும் அவர் ஒரிஜினல் அண்ணன். பகலில் பல் மருத்துவர்களுக்காகப் பல்செட்டும் பல் உறையும் செய்து கொடுப்பார். சனி, ஞாயிறுகளில் ஒரு ராக் பேண்டுக்குத் தலைவர், பேஸ் கிட்டார் வாசிப்பவர். அந்த பேண்ட் ஒரே ஒரு அமெரிக்க பேண்டின் பாட்டுகளை மட்டும்தான் வாசிக்கும். அந்த அமெரிக்கர்களின் பெயரை எழுத வேண்டாம் என்று அவரே கேட்டுக்கொண்டார். "பேரைப் போட்டா அவங்க தேடி வந்து நாம வாசிக்கறதைக் கேட்டுடப் போறாங்கப்பா."

பாட்டைக் காப்பியடிப்பவர்கள் ஊரில் நிறைய. அண்ணன் ஆட்களையும் காப்பியடித்தார். அங்கே நாலு பேர் என்றால் இங்கேயும் நாலு பேர். அங்கே ஒருவர் விலகினால், இங்கே அதே வாத்தியத்தை வாசிப்பவரும் விலக வேண்டும். "ஒரிஜினல்ல எப்படியோ இங்கயும் அப்படித்தான்" என்பார். பட்டப்பெயர் வந்தது அப்படி.

நான் குடியாத்தத்திலிருந்து வேலைக்கு வந்த புதிதில், மெட்ரோ படிக்கட்டில் விழுந்து முன்பல் பாதி உடைந்துபோனது. புதுப் பல்லுக்கு நிறம் பொருத்திப் பார்க்க மருத்துவர் என்னை அண்ணனின் கடைக்கு அனுப்பினார். அண்ணன் ஒரு கொத்துப் பொய்ப்பற்களை என் உதட்டருகே ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்த்தார். ஜன்னல் பக்கம் திருப்பினார், விளக்குப் பக்கம் திருப்பினார். அரைமணி நேரம் ஆயிற்று.

"ணா, ஏதாவது ஒரு வெள்ளை போதும் ணா" என்றேன்.

"அழகா செய்யறது ஈஸிப்பா. பக்கத்துப் பல்லு லைட்டா கோணலா இருக்குது பாரு, இதையும் கோணலாத்தான் செய்யணும். அதே மாதிரி செய்யறதுதான் பேஜாரு" என்றார். பிறகு மேசையைத் தட்டிக்கொண்டிருந்த என் விரல்களைப் பார்த்தார். "கீபோர்டு வாசிப்பியா?"

பள்ளி ஆண்டுவிழாவில் கடவுள் வாழ்த்துக்கு வாசித்திருக்கிறேன் என்றேன்.

"போதும். அவங்க போன வாரம் கீபோர்டுக்கு ஆள் எடுத்துட்டாங்க. நாம ஒரு வாரம் லேட்டு."

இப்படித்தான் வாய் வீங்கிய நிலையில் ஓர் அமெரிக்க ராக் பேண்டின் ஐந்தாவது உறுப்பினர் ஆனேன்.

ஒத்திகை கடையின் பின்னறையில் நடந்தது. மூன்று பக்கமும் அலமாரி, அலமாரி முழுக்க வாயைப் பிளந்த சுண்ணாம்பு அச்சுப் பற்கள். எங்கள் முதல் ரசிகர்கள் அவைதான். பாட்டு டேனி. ஹோட்டலில் கேக் செய்பவர், தேவாலயப் பாடகர் குழுவில் வளர்ந்தவர். கிட்டார் நயாஸ் பாய், ஏ.சி. மெக்கானிக், நீலசந்திராக்காரர். வருடத்துக்கு நாலு வார்த்தை பேசுவார். டிரம்ஸ் செல்வம், அண்ணனின் மனைவி மேரி அக்காவுடைய சொந்தத் தம்பி, பஸ் கண்டக்டர்.

முதல் நாள் அண்ணன் எனக்கு பேண்டின் வரலாற்றைச் சொன்னார். சொந்தக்காரர் வீட்டுக் கதை போலச் சொன்னார். ஓஹையோவில் ஒரு சின்ன ஊர். பேஸ் வாசிப்பவருடைய அப்பா காரை வெளியே நிறுத்திவிட்டு, ஷெட்டைப் பையன்களுக்கு விட்டுக்கொடுத்தார்.

"ரெண்டு வருஷம் மழையிலயும் பனியிலயும் நின்னு கார் துருப்புடிச்சுப் போச்சுப்பா. மனுஷன் ஒரு வார்த்தை சொல்லல." சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முகம் தெரியாத ஒருவரின் காருக்காகக் கலங்கிய மனிதரை நான் முதன்முறையாகப் பார்த்தேன்.

அப்புறம் பள்ளிக்கூட நடனம், பீட்சா கடை, மூன்று கம்பெனிகள் திருப்பி அனுப்பிய பாட்டு. கடைசியில் ஒரு ரேடியோக்காரர் கை தவறி வேறு ரெக்கார்டுக்குப் பதில் இவர்களுடையதைப் போட்டுவிட, ஊரே போன் செய்து மறுபடி போடச் சொன்னது. அடுத்த வருடம் ஸ்டேடியம். அதற்கடுத்த வருடம் சண்டை.

அந்தச் சண்டைகளால்தான் எங்களுக்கு ஆபத்து.

நான் சேர்ந்த இரண்டாம் வருடம், அமெரிக்க டிரம்மர் தொடர்ந்து தாமதமாக வருகிறார் என்று அவரை நீக்கிவிட்டார்கள். அண்ணன் அன்று மாலையே செல்வத்தைக் கூப்பிட்டார்.

"மச்சான், நாளையில இருந்து நீ வர வேணாம்."

"ஏன் மாமா?"

"லேட்டா வர்றேன்னு எடுத்துட்டாங்க."

"நான் ஒருநாள்கூட லேட்டா வந்ததில்லையே!"

"நீ வரல. அவன் வந்தான்."

செல்வம் எங்களைப் பார்த்தார். நாங்கள் சுண்ணாம்புப் பற்களைப் பார்த்தோம். எழுந்து போய்விட்டார். மேரி அக்கா தன் கணவரோடு பேசுவதை நிறுத்தினார். பதினைந்து நாள் அந்த வீட்டில் காலை, மதியம், மாலை மூன்று வேளையும் ரவா உப்புமா. அண்ணன் ஒரு குறையும் சொல்லாமல் சாப்பிட்டுக்கொண்டே புது டிரம்மரைத் தேடினார்.

அதிலும் ஒரு சிக்கல். அமெரிக்கர்கள் எடுத்த புது ஆள் இடதுகைக்காரர். பெங்களூரில் இடதுகை டிரம்மர் கிடைக்காமல், கடைசியில் திருவிழா ஊர்வலங்களில் இடதுகையால் மேளம் அடிக்கும் முருகேஷைப் பிடித்து வந்தார். முருகேஷுக்கு மெதுவாக வாசிப்பது என்றால் என்னவென்றே தெரியாது. ஒரு கல்யாண வரவேற்பில், காதலி இறந்த சோகத்தை டேனி கண்ணை மூடிப் பாட ஆரம்பித்தார். முருகேஷ் இரண்டாம் வரியிலேயே வேகம் எடுத்தார். நான்காம் வரியில் மாப்பிள்ளையின் தாய்மாமன் தோளில் துண்டோடு மேடை முன்னால் ஆட இறங்கிவிட்டார். பின்னாலேயே முழு மண்டபமும்.

அதன்பிறகு எங்களுக்கு ஏறுமுகம். அடுக்குமாடிக் குடியிருப்பு விழாக்கள் எல்லாம் எங்களைத் தேடி வந்தன. அண்ணன் ஒருவர் மட்டும் வருத்தமாக இருந்தார். "ஜனங்க சந்தோஷமா இருக்காங்கப்பா. ஒரிஜினல்ல யாரும் இப்படி ஆடறதில்லையே" என்பார்.

இடையில் அமெரிக்க கிட்டார்காரர், பேண்டில் இருந்துகொண்டே தனியாக ஓர் ஆல்பம் போட்டார். உடனே நயாஸ் பாய்க்கு உத்தரவு போனது. அவர் மறுபேச்சு இல்லாமல் தன் வீட்டு மாடியில் துணிக்கொடிகளுக்கு நடுவே உட்கார்ந்து ஒரு மணி நேரம் தனியாக வாசித்தார். பக்கத்து வீட்டுப் பெண்கள் காயப்போட்ட துணியை எடுக்க வந்து, எடுக்காமல் நின்று கேட்டார்கள்.

பதினாலு மாதம் கழித்து அமெரிக்கர்கள் பழைய டிரம்மரோடு சமாதானம் ஆகிவிட்டார்கள். முருகேஷ், "திருவிழா சீசன் ஆரம்பிச்சுடுச்சு ணா, நானே சொல்லலாம்னு இருந்தேன்" என்று சிரித்துக்கொண்டே போனார். ஆனால் செல்வம் வர வேண்டுமே! அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு அவர் வீட்டுக்குப் போனார்.

"வரேன் மாமா. ஆனா ஒரு மன்னிப்பு கேக்கணும்" என்றார் செல்வம்.

"கண்டிப்பா கேக்கணும். அங்கயும் கேட்டாங்க" என்றார் அண்ணன்.

செல்வத்தின் முகம் மலர்ந்தது. "அப்ப கேளுங்க."

"நான் இல்ல மச்சான். அங்க டிரம்மர்தான் கேட்டான்."

செல்வம் கூரையைப் பார்த்தார், அக்காவை நினைத்திருப்பார் போல. பிறகு எழுந்து நின்று, தான் ஒருநாளும் செய்யாத தாமதங்களுக்காக மன்னிப்புக் கேட்டார். அண்ணன் அவரைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். அன்று அண்ணன் வீட்டில் பிரியாணி.

இதற்கெல்லாம் பிறகுதான் எங்களுக்குப் பெரிய அழைப்பு வந்தது. கப்பன் பூங்காவின் திறந்தவெளி மண்டபத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நிகழ்ச்சி. பெங்களூரின் பழைய பேண்டுகள் வாசித்த இடம். வாலிப வயதில் புல்தரையில் உட்கார்ந்து, ஒருநாள் மேடையில் நிற்க வேண்டும் என்று அண்ணன் ஆசைப்பட்ட இடம். எங்களுக்குக் கிடைத்த நேரம் காலை ஏழு மணி, நடைப்பயிற்சிக்கு வருபவர்களுக்காக. "டிபனுக்கு முன்னாடி யாருய்யா ராக் கேப்பாங்க?" என்றார் டேனி. அண்ணன் கேட்கவில்லை. புதுச் சட்டை தைக்கக் கொடுத்துவிட்டார்.

நிகழ்ச்சிக்கு நாலு நாள் முன்னால், அலுவலகத்தில் செய்தியைப் படித்தேன். அமெரிக்க பேண்டை ஆரம்பித்தவர், ஷெட் கொடுத்த அப்பாவின் மகன், பேஸ் வாசிப்பவர், விலகுகிறார். சண்டை எதுவும் இல்லை. அலைந்தது போதும், வீட்டோடு இருந்து தக்காளி பயிரிடப் போகிறாராம்.

உடனே மற்ற மூவரையும் அழைத்தேன். ஞாயிறு வரை அண்ணனுக்குத் தெரியவிடக் கூடாது என்று முடிவாயிற்று. அன்று ஒத்திகையில் செல்வம் அண்ணனின் போனை வாங்கி, ஏதோ வைரஸ் இருப்பதாகச் சொல்லித் தன் பையில் போட்டுக்கொண்டார். டேனி, அமெரிக்காவில் இன்டர்நெட்டே வேலை செய்யவில்லை என்றார். நயாஸ் பாய்கூட "ஹாம், சச்" என்று உருதுவில் ஆமோதித்துத் தலையாட்டினார்.

அண்ணன் எங்களை வரிசையாகப் பார்த்தார். "நாலு பேரும் பொய் சொல்றப்ப ஒரே சுதியில இருக்கீங்கப்பா. மேடையிலயும் இப்படி இருந்தா நான் இல்லாமலே சமாளிச்சுடுவீங்க."

அவருக்கு முந்தின நாளே தெரியும்.

"இதுக்கு மட்டும் விட்டுடுங்க மாமா. உங்க பேண்டு இது" என்றார் செல்வம். அந்த மனிதர் கண்ணில் தண்ணீர்.

"உன்னை அனுப்பினப்ப ரூல்ஸ் பேசினேன். எனக்குன்னு வரும்போது மாத்திக்கிட்டா, உன் மூஞ்சியில எப்படி முழிக்கறது மச்சான்?" என்று சொல்லிவிட்டு, கிட்டாரை உறையில் போட்டார்.

தினமும் அமெரிக்கர்களோடு மீட்டிங்கில் உட்கார்ந்து நான் கற்ற ஒரே விஷயம் அன்று கைகொடுத்தது. "ணா, ஒரு நிமிஷம். அவர் எப்போ விலகறாரு?"

"சனிக்கிழமை. சொந்த ஊர்ல கடைசி ஷோ."

"எத்தனை மணிக்கு?"

"ஒன்பதுல இருந்து பதினொண்ணு."

"அங்க சனி ராத்திரி ஒன்பதுன்னா இங்க ஞாயிறு காலையில ஆறரை. பதினொண்ணுன்னா எட்டரை. நம்ம புரோகிராம் ஏழுல இருந்து எட்டு. நாம வாசிக்கற நேரம் பூரா அவரும் மேடையிலதான் ணா இருப்பாரு."

அண்ணன் விரல் விட்டு எண்ணினார். மறுபடி எண்ணினார். கடைசியில் உறையின் ஜிப் திறக்கும் சத்தம் கேட்டது.

ஞாயிறு காலை கேட்டவர்கள் சுமார் நாற்பது பேர், ஆறு நாய்கள். மூச்சுப் பயிற்சி செய்துகொண்டிருந்த பெரியவர் ஒருவர் வந்து, "ஸ்வல்ப மெல்லகே" என்று, கொஞ்சம் மெதுவாக வாசிக்கும்படி கன்னடத்தில் கெஞ்சிவிட்டுப் போனார். மூன்றாவது பாட்டில் அவரும் உட்கார்ந்துவிட்டார். மேரி அக்கா முதல் வரிசையில் இருந்தார். புதுச் சட்டையில் அண்ணன் ஒரு சுரம் பிசகாமல், ஒரு சுரம் கூடாமல் வாசித்தார், எப்போதும் போல.

கடைசிப் பாட்டு முடிந்தது. நாங்கள் எல்லோரும் நிறுத்திவிட்டோம். அண்ணன் நிறுத்தவில்லை. கண்ணை மூடியபடி தனியாக நாலே நாலு சுரம் வாசித்தார். அது எந்த ரெக்கார்டிலும் கிடையாது. பிறகு ஒயரைப் பிடுங்கினார்.

"அந்த நாலு சுரம் ஒரிஜினல்ல இல்லையே ணா?" என்று கீழே இறங்கும்போது கேட்டேன்.

"கடைசி நாள்ப்பா. அவரும் ஏதாச்சும் சேர்த்திருப்பாரு."

அடுத்த வாரம் அந்த அமெரிக்க நிகழ்ச்சியின் வீடியோ வந்தது. முழுக்கப் பார்த்தேன். அவர் எதையும் சேர்க்கவில்லை. அண்ணனிடம் நான் சொல்லவில்லை.

அங்கே பேஸுக்கு ஒரு பெண்ணை எடுத்தார்கள். அண்ணனே அலைந்து ரிச்சர்ட்ஸ் டவுனிலிருந்து ஒரு பெண்ணைக் கொண்டுவந்து விட்டார். உண்மையைச் சொன்னால் அவரைவிட நன்றாக வாசிக்கிறாள். விலகிய அந்த அமெரிக்கர் ஒத்திகைப் பக்கம் எட்டிப் பார்ப்பதில்லை என்பதால் அண்ணனும் பார்ப்பதில்லை. பின்னறைச் சாவி செல்வத்திடம் இருக்கிறது.

இப்போது அண்ணன் மொட்டை மாடியில் இருபத்திரண்டு தொட்டிகளில் தக்காளி வளர்க்கிறார். வாரம் ஒரு பை எனக்கு வருகிறது. "அவருக்கு இந்த வருஷம் நல்ல காய்ப்பாம்ப்பா" என்று சொல்லிக் கொடுக்கிறார். பனி விழுந்தால் தக்காளிச் செடி தாங்காது என்கிறார்கள். செடி போய்விட்டால் அந்த ஓஹையோ மனிதர் பேண்டுக்குத் திரும்பாமல் வீட்டில் சும்மா எத்தனை நாள் உட்கார்ந்திருப்பார்? தினமும் காலையில் போனை எடுத்ததும் நான் பெங்களூர் மழையைப் பார்ப்பதில்லை. ஓஹையோவில் பனி விழுந்துவிட்டதா என்றுதான் பார்க்கிறேன்.