நாலு பேரும் சிரித்தால்

லெனாட் ஆறாவது தடவையாகக் கமராவைச் சட்டைப் பைக்குள் போட்டு, குனிந்து, நிமிர்ந்து, கடைக்குள்ளேயே நாலடி நடந்து பார்த்தான்.

"தம்பி, உது கமரா, சப்பாத்தில்லை. நடந்து பாத்து எடுக்கத் தேவையில்லை," என்றார் கடைக்காரர் கஜானன்.

"குனியேக்கை விழுதோ எண்டு பாக்கிறன் அண்ணை."

அதற்குக் காரணம் இருந்தது. மூன்று மாதங்களுக்கு முன், குருநகர்க் கரையில் அப்பாவின் படகைத் தள்ளக் குனிந்தபோது, அவனுடைய போன் பையிலிருந்து நழுவிக் கடலுக்குள் போய்விட்டது. அம்மா மீன் வெட்டுவதும், தங்கை டிலக்ஷி கண்ணாடிக்கு முன்னால் வாயில் ஊசி கவ்வியபடி தலை பின்னுவதுமாக நாலு வருடத்துப் படங்கள் அதோடு போயின. ஒன்றைக்கூட அவன் வேறெங்கும் பிரதி எடுத்து வைத்திருக்கவில்லை. இனிப் படத்துக்கென்று பைக்குள் அடங்கும் சின்னக் கமரா ஒன்று வேண்டும் என்று அன்றைக்கே கொப்பியில் எழுதினான்.

எழுதாமல் லெனாட் எதையும் செய்வதில்லை. பகலில் ஐஸ் தொழிற்சாலையில் சீட்டு எழுதுவான். பின்னேரம் ஆங்கில வகுப்பில் எழுதுவான். வீட்டுக்கு வந்து, அன்று முழுவதும் எழுதியவை சரிதானா என்ற சந்தேகத்தைத் தனிக் கொப்பியில் எழுதுவான். கமரா தெரிவுக்கு மட்டும் முப்பத்தொரு பக்கங்கள் முடிந்திருந்தன. பாரம், பற்றறி, உப்புக்காற்றைத் தாங்குமா, கறுத்த முகத்தைச் சாம்பலாகக் காட்டுமா என்று பக்கம் பக்கமாகக் கட்டங்கள்.

இதற்குள் டிலக்ஷிக்கு விசா வந்துவிட்டது. பதிவுத் திருமணம் செய்தவன் கனடாவில் காத்திருந்தான். பயணத்துக்கு ஆறு கிழமை, ஒன்றரை மாதம், என்றார்கள். அவள் போகுமுன் வீட்டார் நாலு பேரும் சேர்ந்து நிற்கும் ஒரேயொரு படமாவது எடுத்துவிட வேண்டும் என்பதுதான் லெனாட்டின் ஆசை. ஆறு கிழமையில் நாலரைக் கிழமை, கமராவைத் தெரிவு செய்வதிலேயே கழிந்துபோயிற்று.

"இண்டைக்கும் எடுக்காட்டி நீர் கனடாவுக்குப் போய்த்தான் படம் எடுக்கவேண்டி வரும்," என்றார் கஜானன்.

அந்தப் பயத்தில் வெள்ளி நிறத்தில் ஒன்றை எடுத்தான். ஜப்பானில் யாரோ பாவித்துவிட்டுக் கழித்தது. உள்ளே எல்லாம் ஜப்பான் எழுத்து.

"நான் போட்டுத் தந்ததை மாத்தாதையும். உந்தப் பெரிய பொத்தான் ஒண்டு காணும்," என்றார் கஜானன்.

'மற்றப் பொத்தான்கள்: தொடக்கூடாது' என்று லெனாட் கொப்பியில் எழுதி, கீழே இரண்டு கோடு போட்டான்.

வீட்டு முற்றத்தில் அப்பா அடைக்கலநாதன் கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்தார். அம்மா சிசிலியா கருவாடு காயப்போட்டுக்கொண்டிருந்தார்.

"அம்மா, அப்பா, டிலக்ஷி, மூண்டு பேரும் கிட்டக்கிட்ட நில்லுங்கோ. முதல்லை ஒண்டு எடுத்துப் பாப்பம்."

"மூண்டு பேரோ?" சிசிலியா கருவாட்டைப் போட்டுவிட்டு எழும்பினார். "பயணம் போற பிள்ளையை வைச்சு மூண்டு பேராய்ப் படம் எடுக்கிறதோ? மூண்டு பேராய் எடுத்தால் ஒராள் உயிரோடை இருக்கமாட்டார். உனக்குத் தெரியாதோ?"

"அது மூடநம்பிக்கை எண்டு பங்குச் சுவாமி பூசையிலை சொன்னவரெல்லோ அம்மா?"

"சுவாமி தனி ஆள். அவருக்கென்ன!"

பக்கத்து வீட்டுச் சின்னத்தங்கம் அப்போதுதான் மீன் விற்றுவிட்டு, இடுப்பில் வெறும் சட்டியோடு வந்தாள். "கொண்டா தம்பி, நான் எடுக்கிறன். நாலு பேரும் போய் நில்லுங்கோ."

லெனாட் அவளுடைய கையைப் பார்த்தான். முழங்கைவரை மீன் செதில் மினுங்கியது.

"வேண்டாம் மாமி. கை நடுங்கினால் படம் மங்கிப்போம்."

"முப்பது வரியமாப் பாரை மீன் வெட்டுற கை. நடுங்குமோடா?"

லெனாட் கேட்கவில்லை. மீன்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் கமராவை வைத்தான். பத்து விநாடிக்குப் பிறகு அது தானாகவே எடுக்கும் என்று கஜானன் காட்டித் தந்திருந்தார். பெரிய பொத்தானை அழுத்திவிட்டு ஓடிவந்து, டிலக்ஷிக்கு அருகே ஓரத்தில் நின்றான்.

கமரா 'பீப், பீப்' என்று தொடங்கியது. கடைசி விநாடிகளில் சத்தம் நெருங்கி நெருங்கி வந்தது. சத்தம் உச்சத்துக்குப் போன கணத்தில், சிசிலியா காதுகளைப் பொத்திக்கொண்டு நிலத்தோடு குந்திவிட்டார்.

படம் வந்தது. அதில் சிசிலியா இல்லை. மிகத் தெளிவாக மூன்று பேர் நின்றார்கள்.

"அழி! என்ரை மாதாவே, கெதியா அழி!"

டிலக்ஷி சிரிப்பை அடக்கமுடியாமல் திரும்பிக்கொண்டாள்.

"சிரியாதை பிள்ளை," என்றார் அடைக்கலநாதன். "உந்தச் சத்தத்துக்கு நானும் குந்தத்தான் பாத்தனான். சண்டைக் காலத்துப் பழக்கம்."

லெனாட் படத்தை அழித்துவிட்டு மறுநாள் திரும்பவும் கடைக்குப் போனான்.

"சத்தம் வராமல் ஒரு வழி இருக்கு," என்று கஜானன் ஜப்பான் எழுத்துகளுக்குள் புகுந்து எதையோ மாற்றினார். "நாலு பேரும் சிரிச்சால் தானாய் எடுக்கும். சிரிக்கிற முகத்திலை மஞ்சள் கட்டம் விழும். நாலு கட்டமும் விழவேணும்."

"ஒராள் சிரிக்காட்டி?"

"சிரிக்குமட்டும் நிக்கவேண்டியதுதான்."

அடைக்கலநாதன் சிரித்ததை அந்தத் தெருவில் எவரும் கண்டதில்லை. வாயை முழுவதாக மூடிய மீசை. அடையாள அட்டையிலும் அதே முகம்தான். கல்யாணப் படத்தில்கூட, வலை அறுந்த செய்தியைக் கேட்டவர்போலவே நின்றார்.

ஞாயிறு பூசை முடிந்து வந்து, அதே உடுப்போடு முற்றத்தில் நின்றார்கள். ஒரு கரையில் அப்பா. பிறகு அம்மா, டிலக்ஷி. மறுகரையில் லெனாட். கமராவின் திரை மறுபக்கம் திரும்பியிருந்ததால், யாருக்குக் கட்டம் விழுகிறது என்று நிற்பவர்களுக்குத் தெரியவில்லை. லெனாட் வில்லையையே உற்றுப் பார்த்தபடி மனதுக்குள் விநாடிகளை எண்ணினான். அறுநூறு தாண்டியது. கமரா அசையவில்லை.

"அப்பா, கொஞ்சம்..."

"சிரிச்சுக்கொண்டுதான் நிக்கிறன்."

"இருவத்தெட்டு வரியமா என்னைப் பாத்துச் சிரிக்காத மனிசன், பெட்டியைப் பாத்தோ சிரிக்கப்போறார்?" என்றார் சிசிலியா.

படலையைத் திறந்து வந்த சின்னத்தங்கம், கமராவுக்குப் பின்னால் நின்று திரையை எட்டிப் பார்த்தாள். பார்த்தவள் சட்டி குலுங்கச் சிரித்தாள்.

"எடேய் தம்பி, உதிலை மஞ்சள்..."

"மாமி, தள்ளி நில்லுங்கோ! தட்டுப்பட்டால் பெட்டி ஆடும்."

"இனி உங்கடை முத்தத்தை நான் மிதிச்சால் கேள்," என்று அவள் போய்விட்டாள். கோபம் போட்டால் நாலைந்து நாளைக்குத் திரும்பிப் பார்க்கமாட்டாள்.

அன்றிரவு லெனாட் 'கமராவில் குறை: இல்லை. குறை: அப்பா' என்று எழுதினான். எழுதியது சரிதானா என்ற சந்தேகம் இந்த ஒரு தடவை அவனுக்கு வரவில்லை.

திங்கட்கிழமை, ஆங்கில வகுப்பில் கேட்ட பகிடி ஒன்றைத் தமிழாக்கி அப்பாவுக்குச் சொன்னான். அடைக்கலநாதன் பொறுமையாகக் கேட்டார்.

"பேந்து அந்த மனிசனுக்கு என்ன நடந்தது?"

"அவ்வளவுதான் அப்பா. அதுதான் பகிடி."

"ஐயோ பாவம்," என்றார் அவர்.

செவ்வாய்க்கிழமை வேறு வழியில்லாமல் சொல்லிவிட்டான். "அப்பா, நீங்கள் சிரிக்கிறியள்தான் போலை. மீசை மறைக்குது. அதாலை கமராவுக்குத் தெரியேல்லை."

அடைக்கலநாதன் மீசையை ஒருமுறை தடவிவிட்டு எழும்பிப் போனார். மறுநாள் கரையிலிருந்து வரும்போது மீசை இல்லை. வெயில் படாத மேலுதடு, வேறொருவரிடம் இரவல் வாங்கியதுபோல் வெளுத்துக் கிடந்தது.

"ஆரைக் கேட்டு வழிச்சனியள்?" சிசிலியா அலறினார். "நான் கலியாணம் கட்டின முகம் எங்கை?"

பின்னேரம்வரை அவர் கணவனோடு கதைக்கவில்லை. பிறகு தேத்தண்ணீர் கொடுக்கப் போனவர், அந்த உதட்டைப் பார்த்து வெடித்துச் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்தபோதெல்லாம் சிரித்தார்.

வியாழக்கிழமை காலை. விமான நிலையத்துக்கு ஆள் ஏற்றும் வான் வாசல் படலையில் வந்து நின்றது. வேறு இரண்டு வீட்டார் ஏற்கனவே உள்ளே இருந்ததால், டிலக்ஷிக்கு மட்டும்தான் இடம். அம்மாவும் அப்பாவும் லெனாட்டும் முற்றத்திலேயே விடை கொடுக்கவேண்டும். சாரதி ஹோர்ன் அடித்தான்.

"ஐஞ்சு நிமிசம் அண்ணை!" என்று கத்திவிட்டு லெனாட் கமராவைப் பெட்டிமேல் வைத்தான்.

நின்றார்கள். சிசிலியா கணவனின் உதட்டைக் கடைக்கண்ணால் பார்த்துக் குலுங்கினார். டிலக்ஷி கண் கலங்கியபடியே சிரித்தாள். லெனாட் பல்லைக் கடித்துக்கொண்டு எண்ணினான். இருநூறு. முந்நூறு. கமரா கல்லாக இருந்தது.

கோபத்தைக் கொஞ்சம் ஒதுக்கிவைத்துவிட்டு வழியனுப்ப வந்த சின்னத்தங்கம், பெட்டிக்குப் பின்னாலிருந்து கையை ஆட்டினாள். "தம்பி, நான் சொல்லுறதை ஒருக்காக் கேள்..."

"பொறுங்கோ மாமி!"

ஹோர்ன் மறுபடியும் அடித்தது. லெனாட் வரிசையை விட்டு வெளியே வந்து அப்பாவுக்கு முன்னால் நின்றான்.

"உங்கடை பிள்ளை போறாள் அப்பா. ஒருக்கா, ஒரேயொருக்கா அவளுக்காகச் சிரிக்கேலாதோ? மீசையை வழிச்சால் மட்டும் காணுமோ?"

"அண்ணை!" என்றாள் டிலக்ஷி.

அடைக்கலநாதன் மீசை இருந்த இடத்தைத் தடவினார். அங்கே தடவுவதற்கு ஒன்றும் இல்லை.

"எனக்கு வராது போலை மோனை," என்றார். டிலக்ஷியின் பெரிய பயணப்பெட்டியைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் வானில் ஏற்றினார். மகளின் நெற்றியில் பெருவிரலால் சிலுவை போட்டார். யாருடைய முகத்தையும் பார்க்காமல் கரைப்பக்கம் நடந்தார்.

வான் போயிற்று. சிசிலியா உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

லெனாட் மீன்பெட்டியில் குந்தினான். கமராவைத் திறந்து பார்த்தான். நினைவட்டையில் ஒரு படமும் இல்லை. தூரத்தில் அப்பா, அன்றைக்குக் கடலுக்குப் போகாத படகின் மறைவில் முதுகைக் காட்டிக்கொண்டு இருந்தார். கொப்பியைத் திறந்து 'குறை: அப்பா' என்ற வரியை வாசித்தான். இப்படி ஒரு காலையில் அப்படிக் கதைத்திருக்க வேண்டுமா என்று நினைத்தான். மன்னிப்புக் கேட்பதென்றால் எப்படித் தொடங்குவது என்றும் தெரியவில்லை.

கிணற்றடியில் சவர்க்காரம் போட்டு முழங்கைவரை கழுவிவிட்டு, சின்னத்தங்கம் அவனுக்கு முன்னால் வந்து நின்றாள். இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினாள்.

"கழுவிப்போட்டன். இப்பவெண்டாலும் கதைக்கலாமோ?"

"சொல்லுங்கோ மாமி."

"ஞாயிற்றுக்கிழமையே கொப்பருக்கு மஞ்சள் கட்டம் விழுந்தது தம்பி, கொம்மாவுக்கும் தங்கச்சிக்கும் விழுந்தது, உந்தக் கமரா இவ்வளவு நாளும் நீ எப்ப சிரிப்பாய் எண்டுதான் பாத்துக்கொண்டு நிண்டது."