மத்தி ஆலைச் சங்கும் ஊரின் ஒரு நோன்பும்

அன்பும் மரியாதையும் மிகுந்த தூரியா சித்திக்கு,

ஷாமா ஸலாம் சொல்லி எழுதுவது. இந்தக் கடிதத்தை யாருக்கும் காட்டாதீர்கள், கெஞ்சிக் கேட்கிறேன். சித்தப்பாவுக்கும் வேண்டாம். அவர் நல்லவர்தான், ஆனால் முடிவெட்டும் கடை வைத்திருக்கிறார். படித்ததும் கிழித்துவிடுங்கள், எல்லாத் துண்டுகளையும் ஒரே குப்பைத்தொட்டியில் போடாதீர்கள். கசபிளாங்காவில் அனைவரும் நலமா? இங்கே அம்மா நலம், பூனை நலம். நோன்பும் நன்றாகப் போகிறது என்று எழுத ஆசை. ஆனால் இன்று எங்கள் ஊர் மொத்தமும் ஒரு நோன்பை இழந்துவிட்டது. காரணம் நான்.

உங்கள் கல்யாணத்துக்கு முன் நீங்களும் அம்மாவும் மத்தி மீனை டின்னில் அடைத்தீர்களே, அந்த ஆலையை இடித்து அதே இடத்தில் புதிது கட்ட முதலாளி நகராட்சியில் அனுமதி கேட்டிருக்கிறார். அறிவிப்பைச் சுவரில் ஒட்டியதிலிருந்து ஊரில் வேறு பேச்சே இல்லை. ஆலைக்குப் பக்கத்து வீட்டு ஹாஜி பூஷைப் முதலில், நாற்றம் தாங்கவில்லை, படகு வந்தால் நடுராத்திரியிலும் சங்கு ஊதிப் பெண்களைக் கூப்பிடுகிறார்கள், தூக்கம் போச்சு என்று எதிர்ப்புத் தெரிவித்தார். பிறகு புதிய வரைபடத்தில் சங்கே இல்லை என்று யாரோ சொன்னதும், சங்கு இல்லாவிட்டால் நோன்பு திறக்கும் நேரம் எப்படித் தெரியும் என்று அதற்கும் எதிர்ப்புத் தெரிவித்தார். இனிமேல் போனில் செய்தி அனுப்பித்தான் வேலைக்குக் கூப்பிடுவார்களாம். "என் போன்ல சார்ஜ் இல்லேன்னா எனக்கு மீனும் இல்லையா?" என்று அம்மா கேட்டாள். ஆனாலும் அனுமதி கிடைக்க வேண்டும் என்று அவள்தான் அதிகம் துஆ கேட்டாள். கிடைக்காவிட்டால் முதலாளி எல்லாவற்றையும் தெற்கே கொண்டுபோய்விடுவார். அம்மாவுக்கு வேலை இருக்காது, எனக்குப் பள்ளிக்கூடம் இருக்காது.

இன்று சாயங்காலம் நகராட்சிக் குழு ஆலையைப் பார்க்க வந்தது. தலைவர் தைபி, பொறியாளர் லுப்னா, ஊர் சார்பில் நம் ஹாஜி. வயிறு நிறைந்தால் கையெழுத்து தானாக வரும் என்று முதலாளி அங்கேயே நோன்பு திறக்க ஏற்பாடு செய்திருந்தார். அம்மா ஒரு பெரிய பானை ஹரீரா சூப் காய்ச்சினாள், நான் பேரீச்சம்பழத் தட்டு தூக்கினேன். தலைவர் மூக்கைப் பொத்திக்கொண்டே எல்லா இடத்தையும் பார்த்தார். "பழசை இடிங்க, சந்தோஷம். புதுசு எதுக்குங்கறேன்? ஊருக்குள்ள ஒரு நாத்தம் போனா இன்னொரு நாத்தமா?" என்றார். அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை, தட்டை வைத்துவிட்டு மெதுவாகப் பாய்லர் அறைக்குள் போய்விட்டேன்.

சித்தி, நான் கெட்ட எண்ணத்தோடு போகவில்லை. இத்தனை பெரிய சத்தம் எங்கிருந்து வருகிறது என்று சின்ன வயதிலிருந்தே எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. அது எப்படி, வெறும் ஆவி ஒரு குழாய்க்குள் போய் ஊரையே எழுப்பும்? உங்களுக்குத் தெரியுமா? பாய்லர்காரர் ஹம்மூ மாமா தொழுகைக்குக் கைகால் கழுவி உளூ செய்யப் போயிருந்தார். கதவோரம் ஒரு சிவப்புக் கயிறு தொங்கியது. அதைத் தொட்டால் கையை ஒடிப்பேன் என்று அவர் எப்போதோ சொன்னதால் தொடவில்லை. சுவரோரம் ஒரு பழைய சங்கிலியும் தொங்கியது. அதைத் தொடக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே. கனமாக இருக்கிறதா என்று பார்க்க லேசாக இழுத்தேன். சங்கிலி அறுந்து என் கையோடு வந்தது, தலைக்கு மேலே சங்கு ஊதியது.

நீளமாக, ஒரே ஊதல். நோன்பு திறக்கும் ஊதல். உங்களுக்குத்தான் தெரியுமே, கடல்காற்று பாங்குச் சத்தத்தை அந்தப் பக்கம் தள்ளிவிடும், எங்களுக்குச் சங்குதான் சூரியன். நான் சங்கிலியை அங்கிக்குள் திணித்துக்கொண்டு ஓடிவந்து பார்த்தால், தலைவர் இரண்டாவது கிண்ண ஹரீராவில் இருந்தார். ஊர் முழுக்கக் கரண்டிச் சத்தம். அப்புறம்தான், எல்லாரும் நன்றாகச் சாப்பிட்ட பிறகுதான், காற்று சற்று அடங்கி, பள்ளிவாசலிலிருந்து நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது.

"யோவ் ஹம்மூ! என்னய்யா பண்ணித் தொலைச்சே?" என்று முதலாளி கத்தினார்.

"நான் உளூ செஞ்சிட்டிருந்தேன் முதலாளி. கையைப் பாருங்க, ஈரம்!"

"அப்ப பாய்லர் தானாவே ஊதியிருக்கு," என்றார் லுப்னா. "இப்படி ஒரு கிழட்டு பாய்லரை நான் பார்த்ததே இல்ல. நாளைக்கு வெடிச்சா யார் பொறுப்பு?"

"அது கிடக்கட்டும்மா, என் வாய்க்குள்ள போன இனிப்புக்கு யார் பொறுப்பு?" என்றார் ஹாஜி. கையில் பாதி செப்பாக்கியா இருந்தது. விழுங்கவும் முடியாமல் துப்பவும் மனமில்லாமல் மீதி வாயில் இருந்தது.

தலைவர் மீசையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "இடிச்சுத் தள்ளுங்கய்யா இந்தச் சனியனை! புதுசு கட்டுங்க, அனுமதி கொடுத்தாச்சு! சங்கும் வைங்க, ஆனா பூட்டுப் போட்டு வைங்க!" அங்கேயே கையெழுத்துப் போட்டார். புதிது கட்டி முடியும்வரை பழையதையே ஓட்டிக்கொள்கிறோம் என்று முதலாளி பணிவாகச் சொன்னதையும் அவர் கேட்டதாகத் தெரியவில்லை.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் பெண்கள் சிரித்தார்கள். "பாய்லராவது, தானா ஊதறதாவது!" என்றாள் அம்மா. "நம்மள்ல எவளோ வேணும்னே இழுத்திருக்கா. யாருன்னு தெரிஞ்சா அந்தக் கைக்கு முத்தம் கொடுப்பேன்."

"முத்தம் அப்புறம் கொடு மீலூதா, முதல்ல முறிஞ்ச நோன்புக்குப் பதிலா எனக்குக் களா நோன்பு அவ வச்சுத் தரட்டும்!" என்றாள் ஒருத்தி.

நான் இருமினேன். இப்போது நான் என்ன செய்யட்டும், சித்தி? உண்மையைச் சொன்னால் பாய்லர்மேல் குற்றமில்லை என்று அனுமதியை ரத்து செய்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் ஊர் நோன்பெல்லாம் என் கழுத்தில். ஒவ்வொருவருக்காகவும் நான் ஒரு நாள் வைக்க வேண்டுமா? ஊரின் மக்கள்தொகையைப் பாடப்புத்தகத்தில் பார்த்தேன். பார்த்திருக்கக் கூடாது. மார்க்கம் தெரிந்த யாரிடமாவது "ஒரு பெண்" என்று மட்டும் சொல்லிக் கேட்டு எழுதுங்கள்.

பெரியவர்களுக்கு ஸலாம், தம்பிகளுக்கு முத்தம். உங்கள் கண்களையும் தையல் மெஷினையும் அல்லாஹ் நல்லபடி வைத்திருப்பானாக.

உங்கள் ஷாமா

பின்குறிப்பு: சங்கிலியை ஒளிப்பதற்கு முன் விளக்கருகே வைத்துப் பார்த்தேன். அறுந்த முனை முழுக்கத் துரு. இன்று அறுந்திருந்தால் அந்த இடம் பளபளக்க வேண்டாமா? துருவுக்குள் சிலந்தி கூடு கட்டியிருக்கிறது. இது எப்போதோ அறுந்து ஆணியில் சும்மா தொங்கியது, சித்தி! அதனால்தான் ஹம்மூ மாமா சங்கை இழுக்கச் சிவப்புக் கயிறு கட்டியிருக்கிறார். அதை நான் தொடவே இல்லை. அப்படியானால் ஊதியது நான் இல்லை! மேலே எழுதிய எதையும் நம்பாதீர்கள். எழுந்து குதிக்கலாம் போல இருந்தது. அப்புறம் யோசித்தேன். நான் இல்லை, ஹம்மூ மாமா இல்லை, அறையில் வேறு ஆளே இல்லை. அப்படியென்றால் பாய்லர் தானாகத்தான் ஊதியது, வெடிக்கும் என்று லுப்னா அக்கா கோபத்தில் சொன்னதும் நிஜம். ஆனால் யாரோ இழுத்தார்கள் என்று நினைத்துக்கொண்டு ஊரே சிரிக்கிறது, யாருக்கும் பயம் இல்லை, அதே பாய்லரைத்தான்

கதவைத் தட்டுகிறார்கள். "மீலூதா! மீன் வந்தாச்சுடி! இன்னிக்குச் சங்கு ஊதமாட்டாங்க, பாய்லர் மூட்டியாச்சு, சீக்கிரம் வா!" அம்மா செருப்பைத் தேடுகிறாள். சித்தி, நான் சங்கிலியை எடுத்துக்கொண்டு