மூன்று எழுத்தும் ஒரு பெயிண்ட் வாளியும்

முதலில் ஒரு விடுகதை. மூன்று பேர். எங்கே போனாலும் சேர்ந்தே போவார்கள். வரிசை மாற மாட்டார்கள். உங்கள் வீட்டுக் கிச்சனில் இருக்கிறார்கள், சுவரில் ஸ்விட்சில் இருக்கிறார்கள், கையில் கட்டும் வாட்சிலும் இருக்கிறார்கள். மேட்ச் நடந்தால் பிட்சிலும் கேட்சிலும் தவறாமல் வந்து நிற்பார்கள். யார் அவர்கள்?

இந்தச் சொற்களை ஆங்கிலத்தில் எழுதிப் பாருங்கள். டி, சி, ஹெச் என்ற மூன்று எழுத்துகளும் வரிசையாக நிற்கும். அந்த மூன்றும் சேர்ந்து அவனியாபுரத்தில் ஒருவரைக் கவிழ்த்த கதை இது.

அவர் பெயர் காசிமாயன். கிரில் பட்டறை வைத்திருந்தார். எப்பேர்ப்பட்ட இரும்பையும் வளைத்துவிடுவார். மனைவி அழகம்மாள் வீட்டிலேயே தையல் மெஷின் போட்டு ஜாக்கெட் தைப்பவர். அவரை வளைக்கும் கருவி மட்டும் பட்டறையில் இல்லை. மகள் தமிழ்வாணி நான்காம் வகுப்பு.

போன வருடம் பள்ளிக்கூட மீட்டிங்கில் ஆசிரியை காசிமாயனிடம் ஆங்கிலத்தில் ஏதோ கேட்டார். காசிமாயன் சிரித்தார். ஆசிரியை மறுபடி கேட்டார். அவர் மறுபடி சிரித்தார். தமிழ்வாணிதான் அப்பா கையைப் பிடித்துக்கொண்டு, "எங்கப்பாவுக்கு இங்கிலீஷ் வராது மிஸ்" என்றாள். அதை அவ்வளவு பிரியமாகச் சொன்னாளே, அதுதான் அவருக்கு ஒரு வருடமாக உறுத்திக்கொண்டிருந்தது.

இந்த வருடம், அழகம்மாளின் போனில் வகுப்புக் குரூப் 'டிங்' என்றது.

"ஏங்க, பாப்பா ஸ்கூல்ல வார்த்தைப் போட்டியாம். அம்மாவோ அப்பாவோ ஒருத்தர் புள்ளைகூட மேடையேறணுமாம். டி, சி, ஹெச் சேர்ந்து வர்ற வார்த்தைங்க, அர்த்தத்தோட. அப்பறம்..."

"போதும் புள்ள. நான் போறேன்."

"இன்னும் இருக்குங்க. முழுசாக் கேளுங்க."

"அர்த்தத்தோடன்னு சொல்லிட்டேல்ல? அம்புட்டுத்தான். நீ ஜாக்கெட்டுக்குக் கொக்கி தை."

அழகம்மாள் போனைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொக்கி தைத்தார்.

காசிமாயன் ஓர் அகராதி வாங்கினார். நாற்பத்திரண்டு வார்த்தைகளை நோட்டில் எழுதினார். வெல்டிங் வைக்கும்போதும் வாய் முணுமுணுத்தது. ஆனால் படித்தால் மட்டும் போதுமா? ஒப்பிக்க வேண்டாமா? ஒப்பிக்கும்போது நோட்டைப் பிடித்துக்கொள்ள ஓர் ஆள் வேண்டும். வீட்டில் இருந்த ஆள் அழகம்மாள்.

"லேட்ச்னா தாழ்ப்பாள். டிட்ச்னா பள்ளம். இட்ச்னா அரிப்பு. ஃபெட்ச்னா போய் எடுத்துட்டு வாரது. ஹேட்ச்னா முட்டை பொரிக்கிறது."

"எண்ணெய்லயா?"

"கோழி பொரிக்கும் புள்ள, குஞ்சு!"

"ஓகோ. ஏங்க, இந்த லேட்ச் பட்டறைல சின்னதா ஒண்ணு கெடந்தா எடுத்துட்டு வாங்களேன்."

"உனக்கெதுக்கு?"

"உங்களுக்குத் தெரிஞ்சதை நானும் தெரிஞ்சுக்க வேணாமா?"

காசிமாயனுக்குச் சட்டைப் பொத்தான் தெறித்துவிடும்போல நெஞ்சு விரிந்தது. கல்யாணமாகிப் பதினோரு வருடத்தில் அழகம்மாள் இப்படிக் கேட்டதே இல்லை. மறுநாள் தாழ்ப்பாளுடன் வந்தார். அதற்கு மறுநாள் பழைய ஸ்விட்ச். பிறகு ஓடாத வாட்ச். ஒருநாள் திருப்பரங்குன்றத்துக்கு கேட் மாட்டப் போனவர், கடையில் கொடுத்த கெட்சப் பாக்கெட்டைக்கூட மறக்காமல் கொண்டுவந்தார். எல்லாம் மெஷினுக்குக் கீழே இருந்த பெயிண்ட் வாளிக்குள் போயின. வெட்டுத்துணி போடுகிற வாளிதானே என்று அவர் எட்டிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை வந்தது. ஏழு மணிக்குள் குரூப்பில் பெயர் போட வேண்டும். ஆறு மணிக்கே காசிமாயன் தேய்த்த சட்டை போட்டு உட்கார்ந்துவிட்டார்.

"ரெண்டு பேருக்கும் டெஸ்ட். யாரு நல்லாப் பண்றீங்களோ அவங்க பேரைத்தான் போடுவேன்" என்றாள் தமிழ்வாணி.

"ரெண்டு பேரா?"

"அம்மாவும் வாராங்களாம்ப்பா."

"ஊர்ல இருக்கவுகளுக்கெல்லாம் மேடையேற ஜாக்கெட் தைச்சுக் குடுத்தாச்சு. நானும் ஒருக்கா ஏறிப் பாக்குறேனே" என்றார் அழகம்மாள்.

காசிமாயன் பெருந்தன்மையாகத் தலையாட்டினார். நாற்பத்திரண்டும் நாக்கு நுனியில் இருந்தன. தமிழ்வாணி போனை எடுத்து விதியைப் படித்தாள். "பெற்றோர் பேசக் கூடாது. சொல்லின் அர்த்தத்தைக் காட்ட வேண்டும். வீட்டிலிருந்து பொருள்கள் கொண்டுவரலாம். பிள்ளைதான் ஆங்கிலச் சொல்லைச் சொல்ல வேண்டும். நேரம் ஒரு நிமிடம்."

"பேசக் கூடாதா? இது எப்பப் போட்டாங்க?"

"அன்னைக்கே போட்டாங்க. நான் சொல்ல வந்தேன். நீங்கதான் கொக்கி தைக்கச் சொன்னீங்க."

"ஸ்டார்ட்!" என்றாள் தமிழ்வாணி.

காசிமாயன் வாயை மூடிக்கொண்டு அடைக்கோழிபோலக் குந்தி உட்கார்ந்தார். இரண்டு கையையும் இறக்கைபோல அடித்தார்.

"யோகாவாப்பா?"

இல்லை என்று தலையாட்டிவிட்டு முதுகைச் சொறிந்தார்.

"மஸ்கிடோ!"

அதில் டி, சி, ஹெச் கிடையாது. அவர் இன்னும் வேகமாகச் சொறிந்தார். தமிழ்வாணி எழுந்துபோய் ஃபேனைப் போட்டாள். நிமிடம் முடிந்தது. தினமும் தாழ்ப்பாள் அடிக்கிற மனிதருக்கு, பக்கத்துக் கதவிலிருந்த தாழ்ப்பாளைத் தொட்டுக் காட்டத் தோன்றவில்லை.

அழகம்மாள் வாளியை முன்னால் இழுத்து ஒவ்வொன்றாக எடுத்துக் காட்ட, தமிழ்வாணி அடுக்கினாள்.

"ஸ்விட்ச்! வாட்ச்! கெட்சப்! லேட்ச்!"

தீக்குச்சியை எடுத்தார், மேட்ச். கிழிசலில் ஒட்டுத்துணியை வைத்தார், பேட்ச். ஊசியால் இரண்டு தையல் போட்டார், ஸ்டிட்ச். எலாஸ்டிக்கை இழுத்தார், ஸ்ட்ரெட்ச். கடைசியில், வாளியை எட்டத் தள்ளிவிட்டு, மூலையில் நின்ற காசிமாயனைப் பார்த்து அதைச் சுட்டி, 'இங்கே கொண்டுவாருங்கள்' என்று கைகாட்டினார். அவரும் பழக்கதோஷத்தில் போய் எடுத்துவந்தார்.

"ஃபெட்ச்!" என்று கத்தினாள் தமிழ்வாணி. மொத்தம் ஒன்பது.

"பாப்பா, அப்பாவுக்கு நாப்பத்திரண்டும் மனப்பாடம்டா" என்றார் காசிமாயன்.

"தெரியும்ப்பா. நோட்டைப் பிடிச்சுப் பிடிச்சு அம்மாவுக்கும் மனப்பாடம்."

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கையில் தமிழ்வாணி குரூப்பில் அம்மா பெயரைப் போட்டாள். வாளி கனமாக இருந்ததால், தூக்கிக்கொண்டு வர அப்பாவைத் தேர்ந்தெடுத்தாள்.