கோச்சி எந்த வீட்டு வழியாகப் போனது

ரேல் பார,
ஓப்பநாயக்க.
மார்ச் 4

அன்புள்ள பெரியண்ணன் அவர்களுக்கு,

சுமித்ரா எழுதுவது. நீங்களும் அண்ணியும் பிள்ளைகளும் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நான் சுகம். அம்மாவும் சுகம், முழங்கால் மட்டும் வழக்கம் போல. வீடு எப்படி இருக்கிறது என்று கேட்டால், அதற்காகத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லலாம் என்று மூன்று தடவை எடுத்தேன். மூன்று தடவையும் நீங்கள் கொஸ்கமவிலிருந்து நுகேகொடைக்கு ரயிலில் ஒற்றைக் காலில் நின்றபடி போய்க்கொண்டிருந்தீர்கள். "சனம் ஜாஸ்தி, எழுதி அனுப்பு, ஃபைல்ல வச்சுக்குவோம்" என்றீர்கள். எழுதுகிறேன். ஃபைலில் வைப்பதற்கு முன்னால் தயவுசெய்து வாசிக்கவும்.

நாளாந்த ரயில் பயணிகள் சங்கத்துக்கு நீங்கள் தலைவரானதில் எங்களுக்குச் சந்தோஷம்தான். அவிசாவளையோடு நின்றுபோன பாதையைப் பழையபடி இரத்தினபுரி வழியாக ஓப்பநாயக்க வரை நீட்ட வேண்டும் என்று நீங்கள் அமைச்சுக்கு மனுப் போட்டதும், "நீ பேராதனையில சரித்திரம் படிச்சவ, பாதையோட வரலாற்றை ஆறு பக்கத்துல எழுதிக் குடு" என்று என்னிடம் கேட்டதும் ஜனவரியில். நானும் சரி என்றேன். எனக்குக் கிடைத்த மூன்று புத்தகங்களையும் பார்த்தேன். தேயிலையும் ரப்பரும் கொழும்புக்குப் போவதற்காக வெள்ளைக்காரன் போட்ட பாதை, தண்டவாளத்துக்கு நடுவே அகலம் இரண்டரை அடி, துண்டு துண்டாக மலைப்பக்கம் ஏறி வந்தது, எழுபதுகளில் அவிசாவளைக்கு மேலே நின்றது, தொண்ணூறுகளில் கீழ்த்துண்டை மட்டும் அகலமாக்கி உங்களை அதில் ஏற்றினார்கள். இந்த அளவில் மூன்று புத்தகங்களும் ஒத்துப்போகின்றன. கடைசி ரயில் எந்த நாள் ஓடியது என்பதில் மூன்றும் மூன்று விதம். உங்கள் மனுவில் "இந்தப் பாதையில் நானே பயணம் செய்திருக்கிறேன்" என்று ஒரு வரி இருப்பதாகக் கேள்விப்பட்டு அம்மாவிடம் விசாரித்தேன். "ஆமா, போயிருக்கான். என் வயித்துல இருந்தான்" என்றார். அந்த வரியைத் திருத்துவது நல்லது.

புத்தகத்தைவிட நம் தெருவே நல்ல ஆதாரம் என்பது எனக்கு நாற்பத்தெட்டு வயதில்தான் புரிந்தது. இந்த ஊரில் பள்ளிக்கூடம் சரிவில் இருக்கிறது, கோயில் சரிவில் இருக்கிறது, பந்து விளையாடினால் ஒரு பிள்ளை பந்தைப் பிடிப்பதற்கென்றே கீழே நிற்க வேண்டும். நம் தெருவில் மட்டும் பத்தொன்பது வீடுகள் ஒரே மட்டத்தில், ஒற்றை வரிசையில், மெல்ல வளைந்து போகின்றன. தோட்டத்து லயத்தை விட்டு வெளியே வந்த நம் அப்பாவும் மற்றவர்களும், மண் வெட்டத் தேவையில்லாத இடம் சும்மா கிடக்கிறதே என்று வரிசையாக வீடு கட்டியிருக்கிறார்கள். அந்த இடம் ஏன் அவ்வளவு சமமாக இருக்கிறது என்று ஒருவரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் கட்டியிருக்க முடியாது. பத்தொன்பது வீட்டில் ஒன்றுக்குக்கூடக் காணி உறுதிப் பத்திரம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும்.

முதலில், ரயில் என்றதுமே எல்லோரும் கோச்சி கோச்சி என்று நன்றாகத்தான் பேசினார்கள். சந்திக் கடை முக்தார் நானா என்னை உட்காரவைத்து இஞ்சித் தேத்தண்ணி கொடுத்து, "எங்கட வாப்பாட வாப்பா கோச்சிக்கு வடை வித்தவர் டீச்சர். கோச்சி வளைவுல மெதுவா வரும், ஆக்கள் எறங்கி வடை வாங்கிட்டு ஓடிப்போய் ஏறுவாங்க. எழுதுங்க, பேரோட எழுதுங்க" என்றார். அடுத்த வீட்டுக் கலைச்செல்வி தன் கூரையைத் தாங்கும் உத்திரத்தைத் தட்டிக் காட்டி, "இது தண்டவாளம்தாங்க டீச்சர், எங்க மாமனார் தூக்கிட்டு வந்தது" என்று பெருமைப்பட்டாள். அப்படிப் பார்த்தால் இந்தத் தெருவில் தண்டவாளம் இல்லாத வீடே இல்லை. ஒரு வீட்டில் கேற் கம்பம், ஒரு வீட்டில் உடுப்புக் காயப்போடும் கம்பி, கோயிலில் மணி தொங்குவதும் அதில்தான். பாதையை எடுத்துவிட்டார்கள் என்று மூன்று புத்தகங்களும் எழுதியிருக்கின்றன. யார் எடுத்தார்கள் என்று ஒன்றிலும் இல்லை.

இதெல்லாம் பொங்கலுக்கு அடுத்த செவ்வாய்க்கிழமை வரைதான். அன்று ஜீப்பில் நில அளவைக்காரர்கள் நான்கு பேர் வந்தார்கள். கையில் ஒரு வரைபடம். அது உங்கள் மனுவோடு நீங்கள் இணைத்து அனுப்பிய வரைபடம் அண்ணா, மூலையில் உங்கள் கையெழுத்து இருக்கிறது, நானே பார்த்தேன். பத்தொன்பது வீட்டுச் சுவரிலும் சிவப்பு மையால் இலக்கம் போட்டார்கள். நமக்குப் பதினொன்று. பொங்கலுக்கென்று அம்மா வெள்ளையடித்த சுவர். "மாத்தயா, கேட்டுட்டு எழுதக்கூடாதா?" என்று அம்மா சத்தம் போட்டதற்கு, இலக்கம் எழுதிய பையன், முப்பது வயது இருக்கும், பாவம், "சமாவென்ன அம்மே" என்று மன்னிப்புக் கேட்டுவிட்டு இலக்கத்தை இன்னும் கொஞ்சம் அழகாகத் திருத்தி எழுதினான்.

அன்று பின்னேரமே முக்தார் நானாவின் கடையில் கூட்டம். என்னையும் கூப்பிட்டார்கள். முக்தார் நானா எழுந்து, "டீச்சர், கோச்சி எண்டு ஒண்டு இந்தப் பக்கத்தால போனதேயில்ல. நீங்க அப்பிடித்தான் எழுதணும்" என்றார். வடை என்ன ஆயிற்று என்று கேட்டேன். "வடை பஸ்ஸுக்கு வித்தது" என்றார். அப்படியென்றால் இந்தத் தெருவுக்கு ஏன் ரேல் பார, ரயில் ரோடு, என்று பெயர் வந்தது என்று கேட்டேன்.  பிறகு பின்வரிசையில் இருந்து ஒருவர், ரயிலில் வேலை செய்த ஒருத்தன் இங்கே பெண் எடுத்தான், அதனால் அந்தப் பெயர் என்றார். எல்லோரும் பெருமூச்சு விட்டு அதையே தீர்மானமாக எழுதிக் கைதட்டினார்கள். மறுநாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போகும்போது பார்க்கிறேன், தெருவில் இருக்கிற தண்டவாளம் எல்லாவற்றுக்கும் சேலை சுற்றியிருக்கிறார்கள். கேற் கம்பத்துக்குச் சேலை, உடுப்புக் கம்பிக்குச் சேலை. கோயில் மணிக் கம்பத்துக்குப் பட்டே சுற்றி மாலையும் போட்டுவிட்டார்கள், போகிறவர்கள் அதைக் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அளவைக்காரப் பையன் கலைச்செல்வி வீட்டில் தேத்தண்ணி குடிக்கும்போது அண்ணாந்து பார்த்து, பேனையால் உத்திரத்தை ஒரு தட்டுத் தட்டியிருக்கிறான். சேலைக்குள்ளிருந்து கணீரென்று சத்தம். "என்ன இது?" என்று கேட்டிருக்கிறான். "பாக்கு மரம் மாத்தயா" என்றிருக்கிறாள்.

இதையெல்லாம் அம்மாதான் கெடுத்தார். பையன் வெயிலில் நின்று குறிப்பு எழுதுவதைப் பார்த்து இரக்கப்பட்டு, வாசலுக்குக் கூப்பிட்டு, அழகான சிங்களத்தில், "மகனே, நீ தேடுற பாதை பின்னால கூடி போச்சு. இந்த வீடு இருக்கிறது பாதையில இல்ல, ஸ்டேசன் மேடையில. நீ நிக்கிற எடத்துல டிக்கட் குடுப்பாங்க. நான் கல்யாணம் முடிச்சு வந்தப்ப இங்கதான் எறங்கினேன்" என்று எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். அவன் அப்படியே தரையில் உட்கார்ந்து எழுதினான். எழுதி முடித்துவிட்டு, நம் சுவரில் பதினொன்றைச் சுற்றி ஒரு பெரிய வட்டம் போட்டான். பாதை வந்தால் மற்ற வீடுகள் போனாலும் போகும், போகாவிட்டாலும் போகாது. ஸ்டேசன் கட்டாயம் வேண்டும் என்பதால் நம் வீடு நிச்சயமாகப் போகும். இது அந்த வட்டத்தின் அர்த்தம்.

மூன்று நாள் தெருவில் ஒருவரும் நம்மோடு பேசவில்லை. கறிவேப்பிலை கேட்டுக்கூட யாரும் வரவில்லை. நான்காம் நாள் த்ரீவீலர் ஓட்டும் நஜீப், மாவட்டக் கச்சேரிக் கந்தோருக்கு யாரையோ ஏற்றிப்போன இடத்தில் கேட்டதாக ஒரு செய்தி கொண்டுவந்தான். ரயில் பாதையில் இருக்கிற வீட்டுக்காரருக்கெல்லாம் வேறு இடத்தில் ஏழு பேர்ச் காணி, உறுதியோடு கொடுக்கப் போகிறார்களாம். உறுதி என்ற சொல்லைக் கேட்டதும் சேலைகள் எல்லாம் அவிழ்ந்தன. அன்று மத்தியானத்துக்குள் கோச்சி எல்லா வீட்டு வழியாகவும் போக ஆரம்பித்துவிட்டது அண்ணா. ஜனவரியில் ஒருவர் வீட்டுக்குள்ளும் வராத கோச்சி பெப்ரவரியில் ஒருவர் வீட்டையும் விடவில்லை. கலைச்செல்வி தன் அடுப்படியைக் காட்டி, "இதுல கூடித்தான் டீச்சர், வெறகு வைக்கிற எடத்துல கூடி" என்கிறாள். முக்தார் நானாவின் வாப்பாவுடைய வாப்பா மறுபடி வடை விற்கத் தொடங்கிவிட்டார், இந்தத் தடவை கோச்சிக்குள்ளேயே ஏறி. ஓடைக்கு அந்தப் பக்கம், மேட்டில் இருக்கிற தாஸிம் வந்து, தன் வீட்டுப் பக்கமும் ஒரு கிளைப் பாதை இருந்தது என்று சாதித்தார். அந்த மேட்டில் ஆடே மூச்சு வாங்கித்தான் ஏறும் என்றேன். "ஒரு சின்னக் கிளை டீச்சர். சாமான் பெட்டி மட்டும் வாரது" என்றார்.

கோச்சியைக் கண்ணால் பார்த்தவர் தெருவில் மிச்சம் இருப்பது அம்மா மட்டும்தான் என்பதால் எல்லோரும் அம்மாவிடம் வந்தார்கள். பேசாமல் இருந்தவர்கள் பலாக்காயோடும் தோடம்பழத்தோடும் வந்தார்கள். "யோசிச்சுப் பாருங்க அக்கா, எங்க வீட்டுப் பக்கம் கொஞ்சம் சாஞ்சு போயிருக்கும்" என்று கலைச்செல்வி கெஞ்சினாள். "அது கோச்சிடி. கூப்பிட்ட எடத்துக்கெல்லாம் வர அது என்ன ஒன் புருஷனா?" என்றார் அம்மா. ஒருவருக்கும் சாட்சி சொல்ல மறுத்துவிட்டார். பாதையில் இருந்த வீடுகள் ஐந்துதான், நம் வீடு மேடை, மற்றதெல்லாம் ஓரம். இதைத்தான் வந்தவர்களுக்கெல்லாம் சொல்லி அனுப்பினார். பலாக்காயை மட்டும் திருப்பிக் கொடுக்கவில்லை.

போன வியாழக்கிழமை பதிவுத் தபாலில் பத்தொன்பது கடிதங்கள் வந்தன. உங்கள் வீடு ரயில் ஒதுக்கு நிலத்துக்குள் இருப்பதாகக் காணப்பட்டுள்ளது, பாதை மீள அமைக்கப்படும் பட்சத்தில் அகற்றப்பட வேண்டியிருக்கும். அவ்வளவுதான். ஏழு பேர்ச் பற்றியும் உறுதி பற்றியும் ஒரு சொல் இல்லை. நஜீபைத் தேடினேன், அவன் த்ரீவீலரோடு எங்கேயோ ஹயருக்குப் போய்விட்டான். கலைச்செல்வி கடிதத்தை என்னிடம் கொடுத்து வாசிக்கச் சொன்னாள், வாசித்தேன், இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள்.  நம் அம்மா வாசற்படியில் உட்கார்ந்து, "நான் வாழத்தான் இங்க எறங்கினேன். பெரியவன் என்ன, திருப்பி ஏத்திவிடப் பாக்குறானா?" என்று கேட்டார். 

ஆகவே அண்ணா, நீங்கள் கேட்ட வரலாற்றில் ஒரு வரியும் நான் எழுதுவதாக இல்லை. ரயில் வரவில்லை என்று எழுதினால் பொய், வந்தது என்று எழுதினால் வீடு போகும். உங்கள் சங்கத்தைக் கூட்டி, மனுவை உடனே வாபஸ் வாங்கிவிடவும். நீங்கள் உட்கார்ந்து போவதற்குப் பெட்டி கூட்டித்தரச் சொல்லிக் கேளுங்கள், அதில் எங்களுக்கு ஆட்சேபணை இல்லை. இந்தக் கடிதத்துக்குக் கைபேசியில் பதில் வேண்டாம், வாபஸ் வாங்கிய கடிதத்தின் பிரதியே போதும்.

அண்ணிக்கு என் அன்பு. பிள்ளைகளின் பள்ளிக்கூடச் சோதனை நல்லபடி முடிய அம்மா கோயிலில் அர்ச்சனை செய்தார், விபூதி இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் வாசற்படியில் தொங்கிக்கொண்டு போக வேண்டாம் என்று அம்மா சொல்லச் சொன்னார். நெடுநாள் நன்றாக இருங்கள்.

தங்கை,
சுமித்ரா

பி.கு.: இதை ஒட்டித் தபாலில் போடுவதற்குள் ஒரு வாரம் போய்விட்டது, மறுபடி பிரிக்க வேண்டியதாயிற்று. மனுவை வாபஸ் வாங்க வேண்டாம். திங்கட்கிழமை அம்மா என்னிடம் சொல்லாமல் அந்தப் பதிவுத் தபாலை எடுத்துக்கொண்டு குழாய்த் தண்ணீருக்கு மனுக் கொடுக்கிற கந்தோருக்குப் போயிருக்கிறார். இத்தனை வருடமும் வீட்டு இலக்கமும் பெயரும் உள்ள ஏதாவது அரசாங்கக் கடுதாசி இருந்தால் கொண்டு வாருங்கள் என்றுதானே திருப்பி அனுப்பினார்கள்? நம் வீட்டுக்கு அப்படி வந்த முதல் கடுதாசி இதுதான். கிளார்க் வாசித்துப் பார்த்து, "அம்மே, இது வீட்டை உடைக்கப்போறதா வந்த கடிதமே?" என்று கேட்டிருக்கிறார். "கோச்சி வர்ற வரைக்கும் தண்ணி குடிக்க வேணாமா?" என்று அம்மா கேட்டிருக்கிறார். அவர் முத்திரை குத்திவிட்டார். நேற்று நம் வாசலில் குழாய் வந்துவிட்டது. அம்மா கடிதத்தை லெமினேட் பண்ணிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார். மற்ற பதினெட்டு வீட்டுக்காரர்களும் கந்தோரில் வரிசையில் நிற்கிறார்கள். தனக்கு மட்டும் உடைக்கும் கடிதம் வரவில்லை என்று தாஸிம் என் மேல் கோபமாக இருக்கிறார், அவருக்கும் ஒன்று அனுப்ப வழி இருந்தால் பாருங்கள். அடுத்தது கரண்ட் மீட்டரை அம்மா பேருக்கு மாற்ற வேண்டும், அதற்கு இதைவிடப் புதிய திகதியில் ஒரு கடிதம் வேண்டுமாம். ஆகவே மனு இருக்கட்டும். ஆனால் வெற்றி பெற்றுவிட வேண்டாம். நீங்கள் கேட்ட வரலாற்றை இரண்டு இரவு உட்கார்ந்து ஆறு பக்கமும் எழுதி இணைத்திருக்கிறேன், எல்லாம் உண்மை. ஒரேயடியாக அனுப்பிவிடாதீர்கள். அவர்கள் கேட்டுக் கடிதம் போடும்போது மட்டும், வருடத்துக்கு ஒரு பக்கமாக அனுப்புங்கள்.